அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தவள்

டின் ஆர்ச்சர்ட் என்கிற பாட்டுக்குழுவின் கச்சேரிக்குப் போய்விட்டு வந்தாலே இப்போதெல்லாம் எனக்குத் தலை முழுக வேண்டும் போலிருக்கிறது. வாசிக்கிறவர்களைச் சொல்லவில்லை, கேட்க வருகிற ஜனங்களைச் சொல்கிறேன். அன்று காலையில் கடையில் வாங்கிய, ஹிப்பிகள் போடுகிற மாதிரிச் சாயச்சட்டை, மடிப்புக்கூடக் கலையாமல் இருக்கும். அதை மாட்டிக்கொண்டு வீடு அகலத்துக்கு ஒரு வண்டியில் வந்து இறங்குவார்கள். பார்க்கிங் மைதானத்தில் ஒரு கூடாரம், கூடாரத்துக்குள் டிவி, டிவியில் பேஸ்பால். உள்ளே வந்து உட்கார்ந்தால் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஓயாத பேச்சு. கூரை மாற்றிய கதை, முழங்கால் ஆபரேஷன் கதை, மச்சினன் விவாகரத்துக் கதை. மெதுவான பாட்டு வந்தால் நம் காலை மிதித்துக்கொண்டு பீர் வாங்கப் போவார்கள். திரும்பி வரும்போது அந்தப் பீரில் பாதி நம் முதுகில் இருக்கும்.

நானும் பழைய ஆள்தான். அதே மாதிரி மைதானங்களில் ரொட்டிக்கு நடுவே சீஸ் வைத்துச் சுட்டு விற்று, அதில் அடுத்த ஊருக்குப் பெட்ரோல் போட்டவன். அன்றைக்கு நாங்கள் குளிக்காமல் நாறினோம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாயை மூடிக்கொண்டு நாறினோம்.

க்ளெண்டாவைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், எரிச்சல் முந்திக்கொண்டது.

க்ளெண்டா ஹாஸ்லர் இண்டியானாவில் மன்சி என்கிற ஊர்க்காரி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. குட்டையான, அகலமான உடம்பு. தட்டோடு முட்டி மோதுகிற பிள்ளைகளை அதட்டி அதட்டி உரமேறிய குரல். சர்ச் பாடகர் குழுவில் ஒருமுறை ஆசையாகச் சேர்ந்தாள். "ஆண்டவருக்குக் காது நல்லாவே கேக்கும்மா" என்று சொல்லி மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் பாடியதெல்லாம் காரில்தான்.

புருஷன் டுவேனை அவள் சந்தித்ததே டின் ஆர்ச்சர்ட் கச்சேரி வாசலில். டிக்கெட் இல்லாதவர்கள் ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு நிற்பது எங்கள் வழக்கம். யாராவது மனமிரங்கி ஒன்று கொடுத்தால் உள்ளே போகலாம். க்ளெண்டா விரலைத் தூக்கிக்கொண்டு மழையில் நின்றாள். டுவேனிடம் இருந்தது ஒரே டிக்கெட். அதை அவள் கையில் திணித்துவிட்டு வெளிச்சுவரில் காதை வைத்துக் கேட்டான் அந்தப் பைத்தியக்காரன். இடைவேளையில் இவள் வெளியே வந்து மீதி டிக்கெட்டை அவன் சட்டைப் பையில் செருகி, "இனி உன் முறை, போ" என்று தள்ளிவிட்டாள். முன்பாதி அவள் கேட்டது, பின்பாதி அவன் கேட்டது. கல்யாணமாகிக் கிழடு தட்டிய பிறகும் எந்தப் பாதி உசத்தி என்று சண்டை போட்டுக்கொள்வார்கள்.

பிள்ளைகள் இல்லை. கோடையில் பள்ளிக்கூடம் மூடியதும் டுவேன் தச்சு வேலையை நிறுத்திவிடுவான். அவர்களும் நானுமாக மூன்று பேரும் என் வண்டியில் ஊர் ஊராக டின் ஆர்ச்சர்டின் பின்னால் போவோம். எதற்கென்றால், அந்தப் பாட்டுகளின் நடுவில் வருகிற அந்த இடத்துக்காக. வார்த்தைகளை விட்டுவிட்டு வாத்தியங்கள் மட்டும் கிளம்பிப் போகும். எங்கே போகும், எப்போது திரும்பும் என்று வாசிக்கிறவனுக்கே தெரியாது. முன்னால் நின்று கிதார் வாசித்துப் பாடுகிற எமெட் சில நாள் பத்து நிமிஷத்தில் திரும்புவான், சில நாள் அரை மணி ஆகும். திரும்பி வந்து விட்ட இடத்தில் அடுத்த வரியைத் தொடும்போது உடம்பெல்லாம் சிலிர்க்கும். அந்த நேரத்தில் கேட்கிறவன் மூச்சுக் காட்டக் கூடாது, கூடப் பாடவே கூடாது. யாராவது வாயைத் திறந்தால் க்ளெண்டா திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். பள்ளிக்கூடச் சமையலறைப் பார்வை. மிரண்டு போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

டுவேனுக்கு மறதி நோய் வந்தது. கதை சொல்லிக்கொண்டே இருப்பான், பாதியில் நின்றுவிடும். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வான், முகத்தில் ஒரு திகைப்பு, விழித்துக்கொண்டு நிற்பான். க்ளெண்டா அடுத்த வார்த்தையை மெல்ல எடுத்துக் கொடுப்பாள். "...அப்போ அந்த போலீஸ்காரன்..." என்றால் போதும், "ஆமா, போலீஸ்காரன்!" என்று பிடித்துக்கொண்டு முடித்துவிடுவான். வருஷக்கணக்கில் அதைச் செய்தாள். போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அவன் போய்ச் சேர்ந்தான். அதோடு அவள் கச்சேரிக்கு வருவதை விட்டாள்.

இந்தக் கோடையில் நான்தான் விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போனேன்.

"அந்தக் கும்பல்ல என்னால உக்கார முடியாது லெஸ். வாந்தி வரும்" என்றாள்.

"எனக்கும்தான் வரும். சேர்ந்து எடுக்கலாம், வா."

புல்வெளியில் எங்களுக்கு இடம். வெயில் இன்னும் தாழவில்லை. பக்கத்தில் கூரை போடும் கம்பெனி நடத்துகிற ஒருத்தன். தொப்பையில் பீர்க் கோப்பையை நிறுத்தி வைத்துக்கொண்டு, எமெட் மேடை ஏறியதிலிருந்து தன் பெண்டாட்டியிடம் சமையலறை மேடைக்குப் போடும் கல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். கறுப்பா வெள்ளையா என்று ஒரு மணி நேரம் ஆராய்ச்சி. முன்னால் ஒரு பெண் மேடைக்கு முதுகைக் காட்டி நின்று தன் முகத்தைத் தானே படம் பிடித்துக்கொண்டிருந்தாள். சீ என்று போய்விட்டது எனக்கு.

எமெட் எழுபத்தைந்தைத் தாண்டியவன். அவனுக்கு இடது பக்கம் ஒரு மைக், அதன் மேல் ஒரு பழைய தொப்பி. கூடவே நின்று பாடிய பாய்ட் செத்துப்போன பிறகு அந்த மைக்கை எடுக்கவே இல்லை. அணைத்தும் வைக்க மாட்டார்கள். பாய்டுக்குச் செய்கிற மரியாதை. மேடையில் இருக்கிற மைக்கெல்லாம் எமெட்டின் காதுக்குள் இருக்கிற சின்னக் கருவியில் கேட்கும், அந்தத் தொப்பி மைக்கும் சேர்த்து.

இடைவேளைக்குப் பிறகு 'கலங்கல் ஆறு' எடுத்தான். எங்கள் கூட்டத்தில் அது தேசிய கீதம் மாதிரி. இரண்டு சரணம் பாடிவிட்டு வாத்தியங்கள் கிளம்பின. போகப் போக எமெட் ஒரு சின்னச் சந்தத்தைப் பிடித்தான். அதையே வாசித்தான். மறுபடி அதையே. மற்றவர்கள் ஒவ்வொருத்தராக ஓசையைக் குறைத்துக்கொண்டார்கள். அவன் மட்டும் அதையே, அதையே. புல்வெளி முழுக்க அடங்கிப்போனது. கூரைக்காரன்கூட வாயை மூடிவிட்டான். அவன் கண்ணில் தண்ணீர்.

"இது சரித்திரம்டா! நாம சரித்திரத்தைப் பாத்துக்கிட்டிருக்கோம்!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

எனக்கும் சிலிர்த்தது. க்ளெண்டா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"லெஸ், அவன் வாசிக்கல. மாட்டிக்கிட்டான்."

"சும்மா இரு. இப்பத்தான் களை கட்டுது."

"அந்தப் பெரிய திரையில அவன் கண்ணைப் பாரு. டுவேன் பாதியில நின்னுட்டு முழிப்பானே, அதே முழி. அடுத்த சரணம் அவனுக்கு வரல. வெளியே வர வழி தெரியல."

பார்த்தேன். எமெட் தன் விரல்களைப் பார்த்தான், பிறகு இடது பக்கம் தொப்பியைப் பார்த்தான். மறுபடி விரல்கள், மறுபடி தொப்பி. அவனுக்குப் பின்னால் இருந்தவன் முடிக்கச் சொல்லிக் கிதார்க் கழுத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டினான். எமெட் அதைக் கவனிக்கவே இல்லை. சுற்றிலும் ஆயிரக்கணக்கான பேர் கண்ணை மூடிக்கொண்டு சொர்க்கத்தில் இருந்தார்கள். ஒரு கிழவன் வழி தெரியாமல் தவிப்பதைப் பார்த்துப் பரவசப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த உலகத்தில் வேறு எந்த ஊர்க் கச்சேரியிலும் இந்தத் தப்பு நடக்காது. பாட்டு நடுவே நின்றால் நின்றுவிட்டான் என்று தெரியும். எங்களுக்குத்தான் நின்றதும் பாட்டாகக் கேட்கும்.

திரும்பிப் பார்த்தால் க்ளெண்டாவைக் காணோம். ஜனங்களைப் பிளந்துகொண்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். டிக்கெட் பார்க்கிற பையன் மேடையைப் பார்த்து வாய் பிளந்து நின்றான், அவளைத் தடுக்கவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன். மேடைக்கு முன்னால் கம்பித் தடுப்பு. சரியாகத் தொப்பி மைக்குக்கு நேர் கீழே போய் நின்று, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடினாள்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் காபி கெடையாதாம்..."

கடைசிச் சரணத்தின் முதல் வரி. சர்ச்சில் வேண்டாம் என்று சொன்ன அந்தக் குரலில்.

கூட்டம் கொதித்தது. "ஏ பாட்டி, வாயை மூடு!" "குடிச்சுட்டு வந்து நிக்குது பாரு சனியன்!" "யாராவது அதை வெளியே தள்ளுங்கய்யா!" அன்பு, சமாதானம் என்று முதுகில் எழுதிய சட்டை போட்டிருந்த ஒருத்தன் தன் பீரை அவள் தலையில் வீசினான். முடி முகத்தில் ஒட்ட, பீர் மோவாயில் சொட்ட, அவள் மறுபடி அதே வரியைப் பாடினாள். இந்த வேளையில் வாயைத் திறந்தவர்களை ஆயுசு முழுக்க முறைத்தவள் அவள். மறுபடியும் பாடினாள்.

எமெட் தொப்பியின் பக்கம் திரும்பினான். முகம் மலர்ந்தது. மைக்கில் வாயை வைத்து இரண்டாவது வரியைப் பாடினான்.

ஜனங்கள் போட்ட கூச்சலில் தரை அதிர்ந்தது. க்ளெண்டாவின் இரண்டு கையையும் காவலாளிகள் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே, கழிவறை நாற்றத்தில், எங்களை நிறுத்தி வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். எமெட்டின் மகள் ஷானா, குழுவின் நிர்வாகம் எல்லாம் அவள்தான். கையில் எமெட் கையெழுத்துப் போட்ட ஒரு போஸ்டர் சுருள்.

"ரொம்ப நன்றிங்க. இத வச்சுக்குங்க. ஆனா வெளியே எதுவும்..." என்று இழுத்தாள்.

க்ளெண்டா சுருளைத் தொடவில்லை. "எத்தனை நாளா இப்படி?"

"நல்லா இருக்கற நாளும் இருக்கு மேடம்."

"எந்த ஊர்ல இருக்கோம்னு கேக்கறானா?"

"தினம் கேக்கறார். வாத்தியக்காரங்க எல்லாருமே கேப்பாங்க. அதனால யாருக்கும் சந்தேகம் வரல."

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா. இப்படிச் சந்தையில நிறுத்தாதே. அசிங்கமா இருக்கு."

ஷானா சட்டென்று கொதித்தாள். "வீட்லயா? வீட்ல என்னைப் பாத்து யாரு நீன்னு கேக்கறார். மேடையிலேர்ந்து இறங்கி வரும்போது மட்டும்தான் 'எப்படி இருந்துச்சு ஷானா?'ன்னு பேர் சொல்லிக் கேக்கறார். அந்த ஒரு தடவைக்காகத்தான் நான் ஊர் ஊரா இழுத்துட்டுத் திரியறேன். உங்களுக்கு அசிங்கமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

க்ளெண்டா ஈரத் தலையோடு போய் வண்டியில் ஏறினாள்.

மறுநாள் இணையத்தில் எங்கள் ஆட்கள் எழுதியதைப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. இதுவரை வாசித்ததிலேயே உச்சம் என்றான் ஒருத்தன். ஒரே சந்தத்தை வைத்துக்கொண்டு காலத்தையே நிறுத்திவிட்டான் என்று இன்னொருத்தன் நீளமாக அளந்திருந்தான். எல்லாரும் சேர்ந்து திட்டியது ஒரே ஒருத்தியைத்தான். அந்தக் குடிகாரக் கிழவி மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் இன்னும் எங்கேயோ போயிருக்குமாம். எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை. எழுதினால் அந்த மனுஷனின் மானம் போகும்.

சில வாரங்களில் அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவைக் குழுவே வெளியிட்டு விற்றது. க்ளெண்டா வீட்டுச் சமையலறையில் அதைப் போட்டுக் காட்டினேன். அவள் குரலை நறுவிசாகத் துடைத்து எடுத்திருந்தார்கள். எமெட் தானாகவே திரும்பி வந்து இரண்டாவது வரியில் தொடங்குவது போல் இருந்தது. நான் வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன். அவள் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே கேட்டாள்.

"முதல் வரி எங்கேன்னு ஒருத்தன்கூடக் கேக்கலையா லெஸ்?"

"கேக்கல. புதுசா ஏதோ செஞ்சிருக்கான்னு எழுதறாங்க."

"வெளங்கும்" என்றாள்.

அந்த வாரமே ஷானா போன் செய்தாள். க்ளெண்டா போனை மேசை மேல் வைத்து எனக்கும் கேட்கும்படி செய்தாள். விஷயம் இதுதான். தொப்பி மைக்கில் பதிவான க்ளெண்டாவின் குரலைத் தனியே பிரித்து, ஒவ்வொரு ஊரிலும் அந்த இடம் வரும்போது எமெட்டின் காதுக் கருவியில் மட்டும் போடுகிறார்களாம். உடனே பிடித்துக்கொண்டு பாடிவிடுகிறானாம்.

"என் குரலைப் போட்டுப் பாத்தோம் மேடம், தம்பி குரலையும் போட்டோம். அப்பா திரும்பவே இல்ல. உங்க குரல்னா திரும்பறார். பாய்ட் அங்கிள்தான் பாடறார்னு நெனைக்கறாரோ என்னவோ. இப்ப மத்த பாட்டுலயும் நின்னுபோறார். மீதிப் பாட்டுக்கும் முதல் வரிகளைக் கொஞ்சம் பாடி அனுப்புவீங்களா?"

எனக்கு அருவருப்பில் உடம்பு கூசியது. விற்கிற பதிவிலிருந்து துடைத்தெடுத்த குரலை அந்தக் கிழவன் காதுக்குள் திணித்து, பொம்மை மாதிரி ஆட்டி வைக்கிறார்கள். "ஒத்துக்காதே க்ளெண்டா, த்தூ, இது ஒரு பொழப்பா" என்று போனுக்குக் கேட்கும்படியே சொன்னேன்.

க்ளெண்டா யோசித்தாள். "பாடலைன்னா என்ன ஆகும்?" என்று ஷானாவைக் கேட்டாள்.

"பாடலைன்னாலும் மேடைக்குப் போவார். அப்படியே நிப்பார்."

க்ளெண்டா போனை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். "நிக்கறதை என்னால பாக்க முடியாது லெஸ். டுவேன் நின்னதை நான் எவ்வளவு பாத்திருக்கேன்" என்றாள். சமையலறை நடுவில் நின்று ஒவ்வொரு பாட்டின் வரிகளையும் போனில் பாடிப் பதிவு செய்தாள். எல்லாச் சரணமும் அவளுக்கு மனப்பாடம். பாடி முடித்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசியாகப் பாடாமல் பேசிய ஒரு பதிவையும் செய்தாள்.

"எமெட், கச்சேரி முடிஞ்சுருச்சுப்பா. ரொம்ப நல்லா வாசிச்சே. கிதாரைக் கீழ வச்சுட்டு வா. ஷானா காத்துக்கிட்டிருக்கா."

எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு ஷானாவைக் கூப்பிட்டாள். "கடைசியில ஒண்ணு இருக்கு, கேளு. அத எப்பப் போடணும்னு நான் சொல்ல மாட்டேன். நீதான் பொண்ணு."

ஷானா அழுதாளா, எரிச்சல்பட்டாளா தெரியவில்லை. சரி என்று மட்டும் சொன்னாள்.

கோடை போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு கச்சேரியையும் க்ளெண்டா வீட்டு டிவியில் நேரலையாகப் பார்த்தோம். எமெட் நிற்பான், காதைத் தொடுவான், பிடித்துக்கொள்வான். ஜனங்கள் ஊளையிடுவார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தப் பீர்க் கோப்பைக் கும்பலின் மேல் கோபம் வரும், ஷானாவின் மேல் வரும், எழுந்து போகாமல் பார்த்துக்கொண்டிருக்கிற என் மேலும் வரும்.

ஓஹாயோவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் கச்சேரி. வேறு ஏதோ பாட்டு. எமெட் இரண்டாவது சரணத்திலேயே நின்றுபோனான். காதைத் தொட்டான், ஒரு வரி பாடினான், மறுபடி நின்றான். மறுபடி காது, மறுபடி அரை வரி. விரல்கள் கிதாரில் என்னவோ தேடின. ஜனங்கள் கையைத் தூக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். க்ளெண்டா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அவள் உதடுகள் அடுத்த வரியை முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

எமெட் அசையாமல் நின்றான். எதையோ கூர்ந்து கேட்டான். பிறகு தலையை ஆட்டினான், நல்லதைக் கேட்டவன் ஆட்டுவது போல. கிதாரைக் கழற்றி மெதுவாகத் தரையில் வைத்தான். தொப்பியைத் தொட்டுவிட்டு மேடையின் ஓரத்தை நோக்கி நடந்து போய்விட்டான். மற்றவர்களும் ஒவ்வொருத்தராக வாத்தியத்திலிருந்து கையை எடுத்தார்கள்.

"போட்டுட்டா. அந்தப் பொண்ணு போட்டுட்டா லெஸ்" என்று சொல்லி க்ளெண்டா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன்.

டிவியில் ஜனங்கள் காலை உதைத்து இன்னொரு பாட்டுக் கேட்டார்கள். மேடையில் ஆட்கள் வந்து வயர்களைச் சுருட்டத் தொடங்கினார்கள். கூட்டம் நகரவில்லை. எமெட், எமெட் என்று கத்திக்கொண்டே இருந்தது. டிவித் திரையின் ஓரத்தில், நேரலை பார்க்கிறவர்கள் எழுதியதெல்லாம் ஓடியது. பாட்டின் நடுவிலேயே எழுந்து போவது எப்பேர்ப்பட்ட துணிச்சல், இந்த முடிவை யாரும் இதுவரை செய்ததில்லை, அடுத்த வருஷ டிக்கெட் எப்போது.

க்ளெண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் படித்தாள்.

"இவங்களுக்கு யாரு சொல்றது, முடிஞ்சுருச்சுன்னு?" என்றாள்.